விரதமும் லித்தியமும்

திருநெல்வேலி டவுணிலிருந்து பஸ் ஏறி, 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கித் திரும்புகிற ஒருவர், இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, உறக்கமும் நிதானமும் கூடிய பிறகு, "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று டப்பாவைப் பரண்மேல் போட்டுவிடுவாரானால், அவரை அறிவீனர் என்று ஏசுவது நியாயமாகாது. காய்ச்சல் விட்டதும் கஷாயத்தை நிறுத்துவதுதானே நம் வீட்டு வழக்கம்! உற்சாகம் கரைபுரண்டு கடன் வாங்கிச் செலவழிப்பதும், பிறகு வாரக்கணக்கில் பாயைவிட்டு எழாமல் கிடப்பதுமாக மாறிமாறி வருகிற இருதுருவ மனோவியாதி, நடுவே சகஜ நிலையைக் காட்டி ஏமாற்றுவது. போதாக்குறைக்கு, அந்த உற்சாக நாள்களின் இன்பத்தை மாத்திரை பறித்துக்கொண்டதே என்ற ஏக்கமும் பலருக்கு உள்ளூர உண்டு.

"மாத்திரை போட்டீரா?" என்று அதிகாரத் தோரணையில் கேட்கிற நர்ஸுக்கு "போட்டேன்" என்ற பொய்தான் கிடைக்கும். "இந்த வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு, அண்ணாச்சி?" என்று, விட்டுப்போவது மனுஷ சுபாவந்தான் என்ற பாவனையில் கேட்பவரிடமே மாத்திரையால் வந்த கை நடுக்கமும், தீராத தாகமும், உடல் பருத்த வெட்கமும் வெளிவரும்.

1949-இல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் இந்நோய்க்குப் பயன்படுமென்று எழுதிய லித்தியம் இன்றும் தலையாய ஔஷதங்களுள் ஒன்று. ரத்தத்தில் அது லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது க்ஷேமம், 1.5-ஐத் தாண்டினால் விஷம். தேகத்தில் நீரும் உப்பும் குறைந்தாலோ, சில வலி மாத்திரைகளை விழுங்கினாலோ அளவு ஏறிவிடும். திருச்செந்தூருக்கு வெயிலில் பாதயாத்திரை போகிறவர், கந்த சஷ்டிக்கு உப்பை நீக்கி உபவாசம் இருக்கிறவர், நடந்த முழங்கால் வலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்குகிறவர் ஆகிய இவர்களுக்கு வரக்கூடிய அபாயத்தை, பஞ்சாங்கம் தெரிந்த உள்ளூர் நர்ஸ்தான் முன்கூட்டி நினைக்க முடியும். "விரதம் வேண்டாம்" என்று ஒரேயடியாகத் தடுத்தால் நிற்பது மாத்திரைதான், விரதமல்ல. ஆகையால் சஷ்டிக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைக் கலந்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, வாந்தியோ தள்ளாட்டமோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமென்று வீட்டாரிடமும் சொல்லிவைப்பதே விவேகம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்தப் பையில் லித்தியத்தையும் போட்டுவிட்டால் போதும் என்பதல்ல என் கட்சி. ரத்தம் எடுக்கவும், திண்ணையில் கால்மணி நேரம் உட்கார்ந்து பேசவும் பயின்ற நர்ஸ் ஒருவர் மாதம் ஒருமுறையேனும் கூடவே வரவேண்டும். அடுத்த வீட்டார் கண்ணுக்கு அவரும் சர்க்கரை பார்க்க வந்தவராகவே தெரிந்தால் இன்னும் நல்லது.