தட்டிப் பார்க்கும் காது



சமீபத்தில் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தேன். மாரிக்குப்பத்தில் ஒரு லைன் வீட்டு வாசலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவரோடு பேச்சு. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28-ல் வயல் மூடப்பட்டது. அவர் பேச்சில் இன்னும் மூடவில்லை.

“வெடி வெச்ச எடத்துக்குப் போனா, மொதல்ல கடப்பாரையால மேல தட்டிப் பாப்போம் தம்பி. ‘ணங்’குன்னா கல்லு கெட்டி. ‘பொத்’துன்னா விட்டுப்போன கல்லு. அங்க நிக்கவே கூடாது.”

அவருக்கே ஒருநாள் காலையில் ‘பொத்’ என்று கேட்டிருக்கிறது. காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது, பேச்சு குழறியது. பத்தே நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. “பித்தம்” என்று படுக்கப் போனவரை மகள் விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். முதலில் தலைக்கு சி.டி. ஸ்கேன்: மூளையில் ரத்தக்கசிவு இல்லை. அடுத்து, கழுத்தில் பசை தடவி டாப்ளர் ஸ்கேன். இடது கழுத்துத் தமனியில் கொழுப்பு படிந்து வழி குறுகியிருந்தது. வந்தது பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கை.

ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறுகிறதல்லவா? குறுகிய தமனியில் ரத்தமும் அப்படித்தான் சீறும். நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் மாற்றத்தை வைத்து அந்த வேகத்தைக் கருவி கணக்கிடுகிறது. விநாடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருக்கலாம் என்பது மருத்துவர்களின் கணக்கு. மாத்திரை போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

கழுத்தோடு நிற்கவில்லை இந்த டாப்ளர் காது. மண்டையோட்டை ஒலி தாண்டாது என்றிருந்த நாளில், நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது என்பதைப் பயன்படுத்தி, 1982-ல் ரூன் ஆஸ்லிட் என்ற ஆய்வாளர் மூளைக்குள் ஓடும் ரத்தத்தையே கேட்டுக் காட்டினார். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. கருவியைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்துவிடலாம்.

ஆனால் ஒன்று: பக்கவாதத்தில் முதல் வேலை சி.டி.தான். அடைப்பா, கசிவா என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. டாப்ளர் சொல்வது, அடைப்பு எங்கிருந்து வந்தது, இன்னொன்று வருமா என்பதை.

கர்நாடக அரசு நிம்ஹான்ஸ் மருத்துவமனையோடு சேர்ந்து 2022-ல் தொடங்கிய மூளை நலத் திட்டத்தில், முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் கோலாரும் உண்டு. திட்டம் இருந்தாலும், நழுவிய டம்ளரைக் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் நாம்தான். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தானாகச் சரியாகிவிட்டாலும் போங்கள். அடுத்த இரண்டு நாள்தான் ஆபத்து அதிகம்.

விடைபெறும்போது பெரியவர் கழுத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார்: “முப்பது வருஷம் நான் கல்லத் தட்டுனேன். இப்ப என்னத் தட்டிப் பாக்குறாங்க.”

அன்புடன்,
ஆசிரியர்