சென்சாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்!

பிரிண்டர் கிடைக்கவில்லை என்று கம்ப்யூட்டர் திரையில் செய்தி வந்தால் உடனே புது பிரிண்டர் வாங்குவீர்களா? முதலில் கேபிளைத்தானே பார்ப்பீர்கள்! கார் விஷயத்தில் மட்டும் இதை மறந்துவிடுகிறோம்.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் உள்ள வீட்டிற்குப் போயிருந்தேன். கிரிவலக் கூட்டத்தால் இரண்டு நாட்கள் தெருவிலேயே நின்ற அப்பாவின் காரில் 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். 'பி0135' என்று வந்தது. "ஆக்சிஜன் சென்சார் போச்சு தம்பி, மாத்திடலாம்" என்றார். அப்பாவின் பென்ஷனில் பெரும்பகுதி அதற்கே போயிருக்கும்.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் தெரியுமா? முதல் சென்சாரின் 'ஹீட்டர் சர்க்யூட்டில்' கோளாறு என்பதுதான். சர்க்யூட் என்றால் ஃப்யூஸ், வயர், கனெக்டர், ஹீட்டர் எல்லாமே சேர்ந்தது. சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை.

இந்த சென்சார் புகைக்குழாயில் இருக்கும். புகையில் மிச்சமுள்ள ஆக்சிஜனை அளந்து, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பரவலாக உள்ள வகையில் நான்கு வயர்கள். ஒன்று சிக்னல், சுமார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கும். இன்னொன்று அதற்கான கிரவுண்ட். மீதி இரண்டும் ஹீட்டருக்கு. சுமார் 300 டிகிரி சூடானால்தான் சென்சார் சரியாக வேலை செய்யும், அதற்குத்தான் ஹீட்டர். பெரும்பாலும் ஒரே நிறத்தில் உள்ள இரண்டு வயர்கள் ஹீட்டருடையவை. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இன்ஜின் ஆறியபின் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஹீட்டரை அளந்தேன். 6 ஓம். ஹீட்டர் நன்றாகவே இருந்தது! இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டருக்கு மின்சாரம் வரும் வயரைச் சோதித்தேன். 12 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். ஃப்யூஸ் சரியாக இருந்தது. வயரைத் தொடர்ந்து போனால், நடுவில் எலி கடித்திருந்தது! புது வயர் போட்டு இணைத்து, பழைய எண்ணை அழித்ததும் விளக்கு அணைந்தது.

மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. வயரிங் படம் அவர் கையில் இல்லை. காருடன் வரும் புத்தகத்திலும் இல்லை. காசு கொடுத்து கார் வாங்குபவருக்கு அதையும் தரவேண்டும் என்பதே என் கருத்து.

கம்ப்யூட்டரோ காரோ, எரர் செய்தி தீர்ப்பு அல்ல. எங்கே தேடவேண்டும் என்று காட்டும் கைகாட்டி மட்டுமே. அடுத்த முறை பர்ஸைத் திறக்கும் முன் வயரைப் பாருங்கள்.