பிணத்தை விட்டிட்டு வித்த கொலைக்கதை

1990இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘ட்வின் பீக்ஸ்’ தொடரின் கதையே, பிளாஸ்ரிக்கில் சுற்றிய லோரா பாமரின் உடல் கரையொதுங்குவதோடுதான் தொடங்குது. 2001இல் அங்கே முதல் சீசனை டிவிடியாக வித்தவை அந்த முதல் அத்தியாயத்தையே சேர்க்கவில்லை. அதன் உரிமை வேறு கம்பனியிடமாம்! இரண்டாம் சீசனுக்கு 2007 ஏப்ரல் வரை காக்க வைச்சினம். அதே ஒக்ரோபரில் எல்லாம் சேர்த்து ‘கோல்ட் பொக்ஸ்’. அப்ப ஏப்ரலில் காசு குடுத்தவன் மடையனோ? 2019இல் 21 தட்டுகளோடு இன்னொரு பெட்டி. 25,000 பிரதிகள் மட்டும்.

இதை ரசிகர்களுக்கான மரியாதை எண்டு நாங்கள் ஏற்கமாட்டம். நாங்கள் கேக்கிறது அலங்காரப் பெட்டி இல்லை. படைப்பு முழுசாகவும் எப்போதும் எல்லாருக்கும் கிடைக்க வேணும். அவ்வளவுதான்.