வராத பிள்ளையைத் தேடிப் போக ஆள் வேண்டும்

ஒவ்வொரு பிள்ளையின் சேர்க்கை, வருகை, தொடக்கக் கல்வி நிறைவு ஆகிய மூன்றையும் உறுதிசெய்து கண்காணிப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 9ஆம் பிரிவு. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர், ஓவியத்துக்கு யார், உடற்கல்விக்கு யார் என்பதெல்லாம் அதன் அட்டவணையில் இருக்கிறது. வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது என்பது இல்லை. 2010 ஏப்ரல் 1இல் சட்டம் நடப்புக்கு வந்தது. அன்றிலிருந்து விழுப்புரம் மாவட்டத்தில் அந்த வேலை வட்டார வளமையத்து ஆசிரியர் பயிற்றுநர் தலையிலும் தலைமையாசிரியர் தலையிலும்தான் விழுகிறது. இருவருக்கும் அது முதல் வேலை அல்ல.

தை பிறந்ததும் என்ன நடக்கிறது என்பது ஒலக்கூர், மயிலம், மரக்காணம் வட்டாரங்களில் பணியாற்றும் நம் வாசகர்களுக்குத் தெரியும். இருளர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடுவார்கள். முன்பணம் வாங்கியாயிற்று, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது அக்காவும் கூடவே போக வேண்டும். வகுப்பாசிரியர் போன் செய்தால் எண் அணைக்கப்பட்டிருக்கிறது. பயிற்றுநர் தன் சொந்த வண்டியில், சொந்தப் பெட்ரோலில் போகிறார். வாசலில் தட்டி கட்டியிருக்கிறது. “செங்கல்பட்டு பக்கம்னு சொன்னாங்க சார், மேஸ்திரியத்தான் கேக்கணும்” என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. மேஸ்திரியின் எண்ணை வாங்க ஒரு நாள், அவர் வாயைத் திறக்க வைக்க ஒரு நாள். பிறகு சூளையைக் கண்டுபிடித்து, அந்த ஊர் வளமையத்தோடு பேசி, பக்கத்துப் பள்ளியில் சேர்த்து, பள்ளிக் கல்வித் தகவல் தளமான எமிஸில் பெயரை மாற்ற வேண்டும். இடையில் தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சிக்கு அழைப்பு வரும், பள்ளிப் பார்வை அறிக்கை கேட்பார்கள். பிள்ளையின் பெயர், எந்தப் பள்ளியிலும் இல்லாதோர் பட்டியலான காமன் பூலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதைப் பயிற்றுநரின் அசட்டை என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஒரு பிள்ளையைத் திரும்ப அழைத்துவருவது பல நாள் வேலை. வானூர், கண்டமங்கலம் பக்கம் இன்னும் சிக்கல்: குடும்பம் புதுச்சேரிக்குள் போய்விட்டால் நம் எமிஸ் அங்கே எட்டாது, யாராவது நேரில் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

வருகை என்பது வீட்டுப் படியோடு முடிவதும் இல்லை. பழங்குடிச் சான்றுக்காகக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் அலுவலகம் வரை நடக்க வேண்டியிருக்கிறது. கோப்பின் பின்னால் போக ஆளில்லாத இருளர் பிள்ளை 10ஆம் வகுப்பைத் தாண்டுவதே பெரும்பாடு. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் அந்த நடையைப் பல ஆண்டுகள் நடந்தார்கள். அரசின் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டிய வேலை அது. 14 வயதோடு சட்டத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. 9ஆம் வகுப்புப் பெண்ணுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினால், அந்தத் தாயிடம் உட்கார்ந்து பேச ஒரு பெண் அலுவலர் வேண்டும்.

தன்னார்வலர்கள் இருக்கிறார்களே என்பது வழக்கமான பதில். இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் 27 அன்று இதே மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது. அந்தந்தத் தெருவை அறிந்த பெண்கள் மாலையில் பாடம் நடத்தினார்கள். எந்த வீட்டுப் பிள்ளை எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நல்ல பணி. ஆனால் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் ஒருவரைச் சூளைக்கும் சார் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அலையச் சொல்வது நியாயமில்லை. திட்ட நிதியை நம்புவதும் ஆபத்து. 2024-25க்கான சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட ஊழியர்கள் சம்பளத்துக்கே தவித்தார்கள்.

இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, லண்டன் பள்ளி வாரியம் வீடு வீடாகப் போவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்தது. வருகை தனி வேலை என்பதை அங்கே அப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

விழுப்புரத்தில் 13 ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒரு வருகை-நல அலுவலர், மரக்காணம், மயிலம், ஒலக்கூரில் கூடுதலாக ஒரு பெண் அலுவலர் என்று தொடங்கலாம். காலமுறை ஊதியமும் பயணப்படியும் வேண்டும். வேறு எந்தப் பணிக்கும் இழுக்கக் கூடாது. படித்த இருளர் இளைஞர்களுக்கு இதில் முன்னுரிமை தர வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. அவர்கள் கேட்டால் மேஸ்திரியும் மறைக்க மாட்டார், பாட்டியும் தயங்க மாட்டார்.

சட்டம் கடமையை உள்ளாட்சியின் மேல் வைத்திருப்பதால் கோரிக்கையும் அங்கிருந்தே கிளம்பட்டும். ஜனவரி 26 கிராம சபைக்கு முன்னால் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டுங்கள். உங்கள் ஊரில் 30 நாளுக்கு மேல் வராத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களைத் தேடிப் போக எத்தனை வேலை நாள் செலவானது என்று எழுதிக்கொண்டு போங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். தனிப் பணியிடம் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.