பொன்னாடைக்கு ஒன்றரை மணி நேரம், ஆய்வுக்கு ஏழு நிமிடம்

தி. நகர் ஜி.என். செட்டி சாலை குருத்வாராவில் லங்கர் சாப்பிட்டிருக்கிறீர்களா? தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார வேண்டியதுதான். மேடை கிடையாது, முன்வரிசை கிடையாது. போன மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நண்பன். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: "மச்சான், ஆயிரத்தைந்நூறு ரூபா கட்டி ஒரு கருத்தரங்குக்குப் போனேன். காலைல பொன்னாடைக்கே ஒன்றரை மணி நேரம் போச்சு. எனக்கு ஏழு நிமிஷம். அதுலயும் அஞ்சாவது நிமிஷமே மணி அடிச்சுட்டாங்க. சர்டிஃபிகேட் மட்டும் நல்ல கெட்டி அட்டை."

இதில் சிரிக்க ஏதுமில்லை. 1930களின் பெண்கள் பத்திரிகைகளில் மூன்று வருடமாகக் கிடக்கிறான் அவன். அதே நாள், அதே கட்டடம், மூன்றாவது அரங்கில் இன்னொரு மாணவி அதே பத்திரிகைகளைப் பற்றிக் கட்டுரை வாசித்திருக்கிறார். திரும்பும் வழியில், பஸ்ஸில், கருத்தரங்க மலரைப் புரட்டியபோதுதான் இவனுக்குத் தெரிந்தது.

ஆய்வாளர்களை ஒரே இடத்தில் கூட்டுவது எதற்காக? சரியாக இந்த விபத்தைத் தடுக்கத்தான். 1964இல் தில்லியில் கீழைத்தேயவியல் மாநாட்டுக்கு வந்த இடத்தில் தனிநாயகம் அடிகள் முன்னின்று உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கியதும் அதற்குத்தான். யார் எங்கே என்ன செய்கிறார் என்று தெரியாமல் சிதறிக் கிடந்தவர்களை ஒருவரோடு ஒருவர் பேச வைப்பது. 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை.

அந்த 1968 மாநாட்டில் இன்று நமக்கு நினைவிருப்பது என்ன? மெரினாவின் பத்துச் சிலைகள். ஆஷர் பதிப்பித்து 1971இல் வந்த கட்டுரைத் தொகுதியைத் தொட்டுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? திருவிழா தப்பு என்று நான் சொல்லவில்லை. ஊர்வலம் பார்க்க வந்த சனங்களுக்கும் தமிழில் பங்கு உண்டு. ஆனால் அன்று திருவிழாவும் இருந்தது, ஆய்வும் இருந்தது. நாம் திருவிழாவை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

யூஜிசியைத் திட்டுவது சுலபம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தாக வேண்டும் என்று 2016 விதி சொன்னது உண்மை. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் போயாச்சு. பொன்னாடை போகவில்லையே? ஆக, வியாதி விதியில் இல்லை. பேராசிரியருக்கு மேடை வேண்டும், மாணவருக்குச் சான்றிதழ் வேண்டும், கேள்வி யாருக்கும் வேண்டாம்.

நான் மென்பொருள்காரன். எங்கள் ஆபீஸில் நான் எழுதிய நிரலை இன்னொருவர் வரி வரியாகப் படித்து "இது எதுக்கு?" என்று கேட்காமல் ஒரு எழுத்துகூட வெளியே போகாது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பொண்ணும் கேட்கலாம். முதல் தடவை சுருக்கென்று குத்தும். அப்புறம் அது இல்லாமல் பயமாக இருக்கும்.

அதைத்தான் கேட்கிறேன். கட்டுரையை இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள், படித்துவிட்டு வாருங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். ஒத்துவராமல் போன தரவையும் பாதியில் கைவிட்ட அத்தியாயத்தையும் கொண்டு வாருங்கள். எம்ஏ மாணவர் முதலில் பேசட்டும், பேராசிரியர் கடைசியில். கூடும் இடத்துக்கா பஞ்சம்? தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், அடையாறு காந்தி நகரில் எம்ஐடிஎஸ். எல்லாம் ஒரு ஷேர் ஆட்டோ தூரம்.

"பத்துப் பேர்தான் வருவாங்க" என்பார்கள். வரட்டுமே. முந்நூறு பேர் வந்த அரங்கில் என் நண்பனைக் கேட்டவர்கள் நான்கு பேர், அதில் ஒருவர் மணி அடித்தவர்.

மலரில் இருந்த எண்ணுக்கு அவன் போன் பண்ணிவிட்டான். இவன் வருடக்கணக்கில் தேடிய இரண்டு இதழ்கள் அந்த மாணவியிடம் இருக்கின்றன. இவன் தட்டச்சு செய்து வைத்திருக்கும் பொருளடக்கம் முழுவதையும் அவரும் ஆறு மாதம் உட்கார்ந்து தனியாகத் தட்டச்சு செய்திருக்கிறார். வரும் சனிக்கிழமை தரமணியில் சந்திக்கிறார்கள். டீ என் செலவு.