அமுதசுரபி அல்லள் அன்னை!

தம்பி, தாய்ப்பால் அமுதம்தான். ஆனால் தாய் அமுதசுரபி அல்லள்! அவள் உடலில் வைட்டமின் பி12 வறண்டால், பாலிலும் வறளும்.

1962இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் உலகறியச் சொன்னார்கள்: அப்படிப்பட்ட தாய்ப்பாலை மட்டுமே நம்பிய குழந்தைகளின் சிரிப்பு மறைந்தது, தலை நிமிர்த்தக் கற்றதும் மறந்தது, கைகால்கள் கட்டின்றி ஆடின. பேயா பிடித்தது? இல்லை; தாயைப் பிடித்த வறுமை பிள்ளையின் நரம்பைப் பிடித்தது! பி12 கொடுத்தார்கள், தேறினர்.

மீன், முட்டை, பால் தரும் சத்து அது. நம் குளச்சலில் மீன் குவிந்தென்ன, கடைசியாக உண்ணும் தாயின் இலைக்கு வராவிட்டால்?

கருவுற்றோர்க்கு அரசு தரும் மாத்திரையில் இரும்புண்டு, ஃபோலிக் அமிலமுண்டு, பி12 இல்லை. சேர்க்கச் சொல்வோம்!

தொட்டில் ஆடட்டும், உள்ளிருக்கும் பிள்ளையின் உடல் ஆடவேண்டாம்!