சீனத் துறைமுகத்தில் ஒரு சித்திரை நாள்

நாமக்கல்லிலிருந்து வடநாட்டுக்குப் புறப்படும் லாரி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கிய பின்னரே சாலையேறுகிறது. ஓட்டுநரின் இருக்கைக்கு எதிரே ஆஞ்சநேயர் சிறு படமாகக் கைகூப்பி நிற்கிறார். சரக்குடன் அயலூர் செல்பவர் தம் தெய்வத்தையும் உடன் அழைத்துச் செல்வது நம்மவர் வழக்கம். இன்று சாலையில் காணும் இவ்வழக்கம் அன்று கடலிலும் இருந்தது. அவ்வாறு கடல் கடந்து சென்ற தமிழ் வணிகர்கள் இறைவனை எழுந்தருளச் செய்த ஊர்களுள் மிகத் தொலைவில் இருப்பது சீனத்தின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியன் மாநிலத்திலுள்ள சுவான்சௌ நகரம்.

நம் நாளிதழ்களில் இவ்வூர்ப் பெயர் குவான்சௌ என்றும் எழுதப்படுகிறது. காண்டன் என்று முன்னாளில் அறியப்பட்ட குவாங்சௌ வேறு ஊர். பயணச்சீட்டு எடுக்கும்போது இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்வது நலம்.

அரபு வணிகர்களும் மார்க்கோ போலோவும் இத்துறைமுகத்தைச் சைத்தூன் என்று அழைத்தனர். ஊரெங்கும் நடப்பட்டிருந்த ஒரு மரத்தின் சீனப் பெயரிலிருந்து இப்பெயர் பிறந்தது. அம்மரம் நமக்குப் புதியதன்று. நம் தோட்ட வேலிகளில் செந்நிறப் பூக்களுடன் நிற்கும் கல்யாண முருங்கையே அது. இன்றும் சுவான்சௌ நகரின் அடையாள மரம் அதுவே.

சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனப் பேரரசரின் அவையை அடைந்தன என்று சீன வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. கடைசியாகச் சென்ற குழுவில் 72 பேர் இருந்தனர். 1087இல் சுவான்சௌவில் கடல் வாணிகத்தைக் கண்காணித்துச் சுங்கம் தண்டும் அரசு அலுவலகம் நிறுவப்பட்டது. அதன்பின் மிளகும் நறுமணக் கட்டைகளும் வந்திறங்க, பட்டும் பீங்கானும் ஏற்றுமதியாயின. பல நாட்டு வணிகர்கள் இங்கே குடியமர்ந்து தத்தம் வழிபாட்டிடங்களை எழுப்பினர். அப்பழம்பெருமையை முன்னிட்டு யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரின் 22 இடங்களை 2021இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இவ்வூரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று நாம் அறிய வேண்டியது. சகம் 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திர நாள் என்று அது காலம் குறிக்கிறது. கிறித்துவ ஆண்டுக் கணக்கில் 1281 ஏப்ரல். அரனுக்கு வணக்கம் கூறித் தொடங்கும் அக்கல்வெட்டு, தவச்சக்கரவர்த்திகள் என்னும் சம்பந்தப் பெருமாள், திருக்கதலீஸ்வரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்று தெரிவிக்கிறது. செகசை கான் என்ற மன்னரின் ஆணைப்படி, அம்மன்னரின் திருமேனி நலம்பெற வேண்டி இப்பிரதிஷ்டை நடைபெற்றது என்றும் அதில் உள்ளது. அம்மன்னர் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் என்பது அறிஞர் கருத்து. கடைசி வரி சீன எழுத்தில் அமைந்துள்ளது.

அந்த ஆண்டைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். சுங் அரசிடமிருந்து இத்துறைமுகம் மங்கோலியர் வசமாகி அப்போது நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆட்சி மாறினால் வாணிகம் என்னாகுமோ, குடியிருப்பு என்னாகுமோ என்ற கவலை அயல்நாட்டு வணிகர் எவருக்கும் இயல்பே. அந்நிலையில் ஒரு தமிழர் தமக்குச் செல்வம் வேண்டும் என்று கல்லில் எழுதவில்லை. தம் மொழியறியாத, தம் சமயம் சாராத மன்னரின் உடல்நலத்தைத் தம் இறைவனிடம் வேண்டினார். பிழைக்கவந்த நாட்டின் நலத்தில் தம் நலமும் அடங்கும் என்ற தெளிவு அவ்வேண்டுதலில் உள்ளது.

முதன்முறை செல்லும் அன்பர்கள் சியாமென் நகர் வழியாகச் செல்வது எளிது. மேற்சொன்ன தமிழ்க் கல்வெட்டு அந்நகரப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து அதிவிரைவு ரயிலில் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் சுவான்சௌவை அடையலாம்.

நகரில் முதலில் காண வேண்டியது மேற்கு வீதியிலுள்ள கையுவான் பௌத்தக் கோயில். 686இல் நிறுவப்பட்டது. அதன் இருபுறமும் 13ஆம் நூற்றாண்டில் கல்லால் எழுப்பப்பட்ட இரு கோபுரங்கள் நாற்பது மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்துடன் நிற்கின்றன. மேற்குக் கோபுரத்தில் வாளேந்திய வானர வீரர் ஒருவரின் உருவம் உண்டு. சீனர் அவரைத் தம் கதைகளில் வரும் வானர நாயகராகக் காண்கின்றனர். அனுமனின் சாயல் என்று கருதும் ஆய்வாளரும் உளர்.

பிறகு பிரதான மண்டபத்தின் பின்புறம் செல்ல வேண்டும். பின்தாழ்வாரத்தில் பதினாறு பட்டைகள் கொண்ட இரு கல்தூண்கள் உள்ளன. அவற்றில் வட்ட வட்டமாகச் செதுக்கப்பட்டிருப்பவை நம் புராணக் காட்சிகள். உரலோடு பிணிக்கப்பட்ட கண்ணன் இரு மரங்களைச் சாய்க்கிறான். முதலை பற்றிய யானையைக் காக்கத் திருமால் வருகிறார். மடிமீது இரணியனைக் கிடத்தி நரசிம்மர் வதைக்கிறார். நாமக்கல் மலைக்குடைவரையில் இரணிய வதத்தைச் சேவித்தவர்களுக்கு இச்சிறு வட்டத்தில் உள்ளவர் யார் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல்லில் அக்காட்சி பாறைச் சுவரை நிறைத்து நிற்கிறது. இங்கே உள்ளங்கைகள் இரண்டால் மறைத்துவிடலாம் போன்ற அளவில் அடங்கியிருக்கிறது.

அக்கோயில் வளாகத்திலேயே 1974இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழங்கப்பல் ஒன்றும் வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சிய பகுதியே சுமார் 24 மீட்டர் நீளம். அதனுள் மிளகும் நறுமணக் கட்டைகளும் கிடைத்தன. அக்கால வணிகர் எத்தகைய மரக்கலத்தை நம்பிக் கடலில் இறங்கினர் என்பதை அதனருகே நின்றால் உணரலாம்.

அடுத்தது கடல்வாணிக அருங்காட்சியகம். அங்கு இந்துக் கோயில்களின் சிதைந்த பகுதிகள் பல உள்ளன. ஒரு கல்லில் யானை சிவலிங்கத்தை வழிபடுகிறது. திருவானைக்காவின் தலவரலாறு உடனே நினைவுக்கு வரும். மற்றொன்றில் லிங்கத்தருகே பசு நிற்கிறது. காவிரியின் அக்கரையில், காமதேனு பூசித்த கரூர்ப் பசுபதீஸ்வரரை வணங்கியவர்களுக்கு அக்காட்சியும் அறிமுகமானதே. கற்கள் உள்ளூரைச் சேர்ந்தவை. சிற்பங்களில் சீனக் கைவண்ணம் கலந்திருக்கிறது. கதையோ காவிரிக் கரையினது.

இவ்வளவு சிறப்புடன் விளங்கிய கோயில்கள் ஏன் நிலைக்கவில்லை? 1357 முதல் 1366 வரை இவ்வூரில் பெருங்கலகம் நடந்தது. 1368இல் வந்த மிங் அரசு தனியார் கடல் வாணிகத்தைத் தடை செய்தது. அயல்நாட்டு வணிகர் கலைந்தனர். விளக்கேற்ற ஆளில்லாத கோயிலின் கற்கள் நகர மதிலுக்கும் பிற கட்டடங்களுக்கும் சென்றன. 20ஆம் நூற்றாண்டில் மதில் இடிக்கப்பட்டபோது அவை மீண்டும் வெளிப்பட்டன. அவற்றை அரும்பொருளென உணர்ந்து தேடிச் சேகரித்தவர் ஊ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். 1957இல் அவற்றைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். தமக்கு உரிமையில்லாத ஒரு சமயத்தின் கற்களை அவர் காத்திராவிட்டால் இன்று நாம் காண்பது மிகக் குறைவாகவே இருந்திருக்கும்.

வழிபாடும் முற்றிலும் நின்றுவிடவில்லை. நகருக்குத் தெற்கே ஜின்ஜியாங் பகுதியில் சிடியன் என்னும் ஊரில் சிறு கோயிலொன்று உள்ளது. அதில் நான்கு திருக்கரங்களுடன் அமர்ந்து, காலடியில் அசுரனை அடக்கிய அம்மனின் கற்சிலை இருக்கிறது. ஊரார் அவளைக் கருணையின் வடிவான குவான்யின் என்றே போற்றி, ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றனர். பெயர் மறந்தது, கைகூப்பல் மறக்கவில்லை. அங்கே செல்பவர் அவர்கள் நம்பிக்கையைத் திருத்த முனையாமல், அவர்களோடு சேர்ந்து வணங்கி வருவதே முறை.

பயணக் குறிப்புகள் சில. முன்கூட்டியே விசா பெற வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் மழைக்காலம். அக்டோபர், நவம்பர் மாதங்கள் உகந்தவை. கடற்கரை ஊராதலால் உணவில் சிப்பியும் மீனும் மிகுதி. பௌத்தத் துறவியர் உணவு முறையில் சமைக்கும் சைவ விடுதிகளைத் தேடிச் செல்லலாம். புலால் கூடாது என்பதைச் சீன மொழியில் எழுதி வைத்துக்கொள்வது உதவும். கையுவான் கோயிலில் இன்றும் வழிபாடு நடைபெறுவதால், நம் கோயிலில் காக்கும் அமைதியை அங்கும் காத்தல் வேண்டும்.

சுவான்சௌ வரை எல்லோராலும் செல்ல இயலாது. ஆயினும் அவ்வூர் உணர்த்துவதை இருந்த இடத்திலேயே கடைப்பிடிக்கலாம். திருக்கதலீஸ்வரமுடைய நாயனாரின் கோயிலைக் கல் காக்கவில்லை. மன்னரின் ஆணையும் காக்கவில்லை. நாள்தோறும் வந்து விளக்கேற்றிய கைகள் இருந்தவரையே அது கோயிலாக இருந்தது. சேலம், நாமக்கல் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் இளைஞர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றபின் ஒருவேளைப் பூசையும் தடுமாறும் சிறு கோயில்கள் உண்டு. வரும் சித்திரையில் ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் அக்கோயிலுக்கு எண்ணெயும் திரியும் எடுத்துச் செல்லட்டும். திரும்புவதற்கு முன், மறுநாள் அங்கே விளக்கேற்றப்போவது யார் என்பதையும் கேட்டு உறுதிசெய்து வரட்டும்.